தப்பு செய்யாதவருக்கு எதற்கு வக்கீல்?

வீட்டில் ஒருவர் மேல் போலீஸ் கேஸ் என்று தெரிந்ததும் உறவுக்காரர்கள் சொல்லும் முதல் யோசனை பெரும்பாலும் இதுதான்: "நாமதான் ஒரு தப்பும் செய்யலியே, எதுக்கு வக்கீல்? ஸ்டேஷனுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னா விட்டுடப் போறாங்க. வக்கீலோட போனாத்தான் சந்தேகப்படுவாங்க." நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனாலும் இதைக் கேட்டு நடந்து, சரிசெய்யவே முடியாத சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். குற்றம் செய்யாதவருக்குத்தான் வக்கீல் அதிகம் தேவை என்பது என் கருத்து. அது ஏன் என்பதை, சட்டம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். உங்கள் மேல் புகார் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். ஆனால் எஃப்.ஐ.ஆர். பதிவாகி குற்றப்பத்திரிகை தாக்கலானதும் அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான சண்டையாக இருப்பதில்லை. வழக்கை நடத்துவது அரசு. அரசுக்காகப் புலனாய்வு செய்ய இன்ஸ்பெக்டர் இருக்கிறார், நீதிமன்றத்தில் பேச அரசு வழக்கறிஞர் இருக்கிறார். இருவருக்கும் இது தினசரி வேலை. எதிர்ப்பக்கத்தில் நீங்கள் மட்டும். ஒரு வக்கீல் வக்காலத்து தாக்கல் செய்தால் ஒழிய உங்களுக்காகப் பேச அங்கே ஆளில்லை. மாஜிஸ்திரேட் நியாயமானவராகவே இருந்தாலும், முன்னால் வைக்கப்பட்ட காகிதங்களையும் எடுத்துச் சொல்லப்பட்ட வாதங்களையும் வைத்துத்தான் அவர் முடிவெடுக்க முடியும்.

ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால்

"ஒரு சின்ன விசாரணை, வந்துட்டுப் போங்க" என்று கூப்பிடுகிறார்கள். போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது: இது வெறும் மனு விசாரணையா, சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றதற்கான ஒப்புகை) போட்டிருக்கிறார்களா, எஃப்.ஐ.ஆரே பதிவாகிவிட்டதா? உங்களைக் கூப்பிடுவது சாட்சியாகவா, குற்றம்சாட்டப்பட்டவராகவா? எஃப்.ஐ.ஆர். என்றால் என்னென்ன பிரிவுகள்? இதையெல்லாம் நீங்கள் கேட்டால் பதில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வக்கீலுக்கு இதைக் கண்டுபிடிக்க வழி தெரியும். எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற சில வகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

பிரிவு தெரிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் ஜாமீன் உங்கள் உரிமை, ஸ்டேஷனிலேயே விடலாம். ஜாமீனில் விட முடியாத குற்றமாகவே இருந்தாலும், தண்டனை 7 ஆண்டு வரைதான் என்றால் உடனே கைது செய்துவிட முடியாது, கைது ஏன் தேவை என்று காரணம் எழுத வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைது தேவையில்லை என்றால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 41ஏ பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 35(3). அந்த நோட்டீஸை மதித்து ஆஜராகி வந்தால், காரணத்தை எழுதி வைக்காமல் உங்களைக் கைது செய்யக் கூடாது. நோட்டீஸ் வந்ததே தெரியாமல், அல்லது பயந்து போய் ஊரைவிட்டுக் கிளம்பி, தானாகவே கைதுக்குக் காரணத்தை உண்டாக்கிக் கொடுப்பவர்கள் உண்டு. கூட ஒரு வக்கீல் இருந்தால் இது நடக்காது.

கைது நிச்சயம் என்று தோன்றினால் முன்ஜாமீன் கேட்கலாம். செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனு போட வேண்டும். கைதான பிறகு முன்ஜாமீன் என்ற பேச்சே இல்லை. "பார்ப்போம், என்னதான் ஆகுதுன்னு" என்று தள்ளிப் போட்டால் இந்த வாய்ப்பு கையைவிட்டுப் போய்விடும்.

சரி, விசாரணைக்குப் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். என்ன பேசுவது? போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்குக் காரணமான பகுதி மட்டும் சாட்சியமாக ஏற்கப்படும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவாக இருந்த இது, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 23-ஆம் பிரிவில் இருக்கிறது. "அவர் அடையாளம் காட்டிய இடத்தில் கத்தி எடுத்தோம்" என்று வழக்குகளில் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். என்ன என்றே தெரியாமல் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர், தான் எதற்கு ஒத்துக்கொண்டோம் என்பதைப் பல மாதம் கழித்து நீதிமன்றத்தில்தான் தெரிந்துகொள்கிறார். அதிலும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. யார் கேட்டாலும், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும்.

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 20(3). கைதானவர் தனக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையை மறுக்கக் கூடாது என்கிறது 22(1). விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம் என்று நடைமுறைச் சட்டமே சொல்கிறது. விசாரணை முழுக்க அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது, அவ்வளவுதான். ஆக, வக்கீலைக் கேட்பது சந்தேகத்துக்குரிய செயல் அல்ல. சாசனத்தை எழுதியவர்கள் யோசித்துத்தான் அதை உள்ளே வைத்தார்கள்.

ரிமாண்ட்

கைதானவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விடுமுறை நாள், ராத்திரி என்றால் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கூட்டிப் போவார்கள். அவரைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடுவதுதான் ரிமாண்ட். இந்த நடைமுறை சில நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடத்தில் ஒருவர் சிறைக்குப் போவதா வேண்டாமா என்பது முடிவாகிறது. வழக்கு முழுவதிலும் வக்கீல் இல்லாமல் இருக்கவே கூடாத நேரம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வக்கீல் அங்கே என்ன பார்ப்பார்? கைதுக் குறிப்பில் எழுதியிருக்கும் நேரமும் உண்மையில் அழைத்துப் போன நேரமும் ஒன்றா? முந்தின நாள் காலையில் வீட்டிலிருந்து கூட்டிப் போய்விட்டு, மறுநாள் மதியம் கைது செய்ததாக எழுதியிருந்தால் 24 மணி நேரக் கணக்கே பொய்யாகிறது. வீட்டுக் கேமரா பதிவோ, உடனே அனுப்பிய மின்னஞ்சலோ இருந்தால் அதை அங்கேயே எடுத்து வைப்பார். கைதுக்கான காரணத்தைச் சொன்னார்களா என்று கேட்பார். காரணத்தைத் தெரிவிக்காமல் செய்த கைதே சட்டவிரோதம் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உறவினருக்குத் தகவல் போனதா, பெண் என்றால் சூரியன் மறைந்த பின் கைது செய்தார்களா, மருத்துவப் பரிசோதனை நடந்ததா, உடம்பில் காயம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அடிபட்டவர் பயத்தில் வாய் திறக்காமல் நிற்பார். பக்கத்தில் போலீஸ்காரர்களே நிற்கும்போது எப்படிச் சொல்வார்? "ஐயா, இவர் இடது காலை ஊன்ற முடியாமல் நிற்கிறார், மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட வேண்டும்" என்று சொல்ல ஒரு வக்கீல் இருந்தால் அது பதிவாகும். பதிவாகாத காயத்தைப் பிறகு நிரூபிப்பது மிகவும் கடினம்.

மாஜிஸ்திரேட் முன் முதன்முதலில் நிறுத்தப்படும்போதே வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்பதைக் கைதானவருக்குச் சொல்ல வேண்டும், வசதியில்லை என்றால் அரசு செலவில் வக்கீல் கொடுக்க வேண்டும் என்று மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட அஜ்மல் கசாபின் வழக்கிலேயே 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாடே கொதித்துப் போயிருந்த வழக்கில் குற்றவாளிக்கும் உண்டு என்று சொன்ன உரிமை, தெருச் சண்டையில் மாட்டிய உங்கள் தம்பிக்கு இல்லாமல் போகுமா?

நாள் எண்ணத் தெரிந்தவர்

ஜாமீன் என்றால் மனு போட்டு, நீதிபதி மனமிரங்கி விடுவது என்று மட்டும்தான் பலர் நினைக்கிறார்கள். இன்னொரு வகை இருக்கிறது. கைதானவரைக் காவலில் வைத்துக்கொண்டு போலீஸ் காலவரையின்றிப் புலனாய்வு செய்ய முடியாது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, 10 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறை என்ற அளவுள்ள குற்றங்களுக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் பெறுவது உரிமையாகிறது. போதைப்பொருள் வழக்கு போன்ற சில சிறப்புச் சட்டங்களில் கணக்கு மாறும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கெடு முடிந்த பிறகு, குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன், நீங்கள் மனு போட்டாக வேண்டும். 61-ஆம் நாள் நீங்கள் சும்மா இருந்து, 62-ஆம் நாள் போலீஸ் குற்றப்பத்திரிகையைக் கொடுத்துவிட்டால் உரிமை போய்விட்டது. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு நாள் வித்தியாசம், ஆனால் அந்த ஒரு நாளுக்காக உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்.

மதுரைப் பக்கம் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். சமயநல்லூர் காவல் நிலையத்தில் பதிவான திருட்டு வழக்கு. 2020-இல் கைதானவர் 73 நாளாகியும் குற்றப்பத்திரிகை வராததால் ஜாமீன் கேட்டார். அது கொரோனா ஊரடங்குக் காலம். வழக்குகளுக்கான காலக்கெடுவை உச்ச நீதிமன்றமே பொதுவாக நீட்டித்திருக்கிறது, அது போலீஸுக்கும் பொருந்தும் என்று சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மனுவைத் தள்ளிவிட்டது. வக்கீல் அத்தோடு விட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2020 ஜூன் 19 அன்று தீர்ப்பு வந்தது: அந்த நீட்டிப்பு ஒருவரைச் சிறையில் வைத்திருக்கும் கெடுவுக்குப் பொருந்தாது, ஜாமீன் கொடுங்கள். பெரிய அரசியல்வாதியின் வழக்கல்ல, சாதாரணத் திருட்டு வழக்கு. அந்தத் தீர்ப்பு நாடு முழுக்க ஊரடங்கில் சிறையில் கிடந்தவர்களுக்குப் பயன்பட்டது.

ஜாமீன் கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும். வெளியூரில் வேலை பார்ப்பவரால் முடியாதென்றால் தளர்த்தக் கேட்க வேண்டும். ஜாமீன்தாரர்கள் கிடைக்காமல், உத்தரவு கையிலிருந்தும் சிறையிலேயே இருப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் மனு உண்டு.

விசாரணையில் ஒரு காகிதம்

வழக்கு விசாரணை என்றால் சினிமாவில் வருவது போல அனல் பறக்கும் வாதம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பெரும்பாலான வழக்குகள் காகிதத்தில்தான் ஜெயிக்கின்றன, தோற்கின்றன. ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். கோயில் திருவிழாவில் கைகலப்பு. ஐந்து பேர் சேர்ந்து கட்டையாலும் கம்பியாலும் அடித்தார்கள் என்று எஃப்.ஐ.ஆர். சொல்கிறது. ஐந்தாவது ஆளாக உங்கள் பெயர். நீங்கள் அங்கே இல்லவே இல்லை.

நல்ல வக்கீல் முதலில் தேடுவது ஏ.ஆர். காப்பி, அதாவது மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல். அடிபட்டவர் அரசு மருத்துவமனைக்குப் போனதும், எப்படிக் காயம் ஏற்பட்டது, யார் அடித்தது என்று டாக்டர் கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். அதில் "தெரிந்த இரண்டு பேர் கட்டையால் அடித்ததாகக் கூறினார்" என்று இருக்கிறது. அடிபட்ட சூட்டில், யாரோடும் கலந்து பேசாமல் சொன்னது அது. இரண்டு எப்போது ஐந்து ஆனது? கம்பி எங்கிருந்து வந்தது?

அடுத்து எஃப்.ஐ.ஆரின் மேல் மாஜிஸ்திரேட் போட்டிருக்கும் கையெழுத்தைப் பார்ப்பார். எஃப்.ஐ.ஆர். பதிவானதும் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். அவர் வாங்கிக்கொண்ட தேதி, நேரத்தைக் குறிப்பார். இரவு 9 மணிக்குப் பதிவானதாக எழுதிய எஃப்.ஐ.ஆர்., இரண்டு தெரு தள்ளியிருக்கும் நீதிமன்றத்துக்கு மறுநாள் மாலை 5 மணிக்கு வந்திருந்தால், நடுவில் என்ன நடந்தது என்ற கேள்வி எழும். தாமதம் மட்டுமே வழக்கை உடைத்துவிடாது. ஏ.ஆர். காப்பியில் இரண்டு பேர், தாமதமாக வந்த எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேர் என்று இரண்டையும் சேர்த்து வைத்துச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது, பிற்பாடு யோசித்துச் சேர்த்த பெயர் உங்களுடையது என்ற சந்தேகம் நீதிபதிக்கு வரும். நியாயமான சந்தேகம் வந்தால் அதன் பலன் உங்களுக்கு.

இந்த இரண்டு காகிதமும் உங்கள் கையிலும்தான் இருந்திருக்கும். குற்றப்பத்திரிகையோடு ஆவணங்களின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் எதைப் பார்க்க வேண்டும், எந்தச் சாட்சியிடம் எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பது படித்தும் பழகியும் வருவது. தப்பான ஒரு கேள்வி கேட்டால் சாட்சி விட்டுவைத்த ஓட்டையை நீங்களே அடைத்துக் கொடுத்தது போலாகும். விசாரணை வரை போகத் தேவையே இல்லாத வழக்குகளும் உண்டு: ஆரம்பத்திலேயே விடுவிக்கக் கோரலாம், எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் போகலாம், சமரசமாகப் போகக்கூடிய பிரிவு என்றால் பேசி முடிக்கலாம். எது பொருந்தும் என்பதைக் காகிதத்தைப் படித்தவர்தான் சொல்ல முடியும்.

"ஃபைன் கட்டிட்டு வந்துடு"

சின்ன வழக்குதானே, ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் அலைச்சல் மிச்சம் என்று சொல்வார்கள். இளைஞர்களுக்கு இந்த யோசனையைச் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். குற்றத்தை ஒத்துக்கொண்டு கட்டும் 500 ரூபாயும் தண்டனைதான். அரசு வேலை விண்ணப்பத்தில் "குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருக்கிறீர்களா" என்ற கேள்விக்கு "ஆம்" என்றுதான் எழுத வேண்டியிருக்கும். மறைத்தால் அதுவே தனிப் பிரச்சினை. தமிழ்நாடு போலீஸ் தேர்வில் இன்னும் கடுமை: சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ்சாட்சியாகி (முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லி) அதனால் விடுதலையானவரையும் கூட, குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே விதி கருதுகிறது. ஆகவே எப்படி விடுதலையாவது என்பதும் முக்கியம். இருபது வயதுப் பையன் சீட்டாட்ட வழக்கில் அபராதம் கட்டிவிட்டு வந்து, இரண்டு வருடம் கழித்துத் தேர்வில் பாஸாகி, சரிபார்ப்பில் நிற்கும்போதுதான் இதெல்லாம் குடும்பத்துக்குத் தெரிய வருகிறது.

வக்கீலிடம் போகும்போது

குற்ற வழக்குகளில் தினமும் நிற்பவரைத் தேடுங்கள். சொத்து வழக்கில் கெட்டிக்காரர் ரிமாண்டில் தடுமாறலாம். உங்கள் வழக்கு நடக்கும் நீதிமன்ற வளாகத்தில் போய் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தாலே, யார் காகிதம் படித்துவிட்டு வருகிறார்கள், யார் வாய்தா வாங்கவே வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். "ஜட்ஜ் நம்ம ஆளு, பார்த்துக்கலாம்" என்பவரிடமிருந்து விலகுங்கள். கட்டணம் எதற்கு எவ்வளவு என்பதை முதலிலேயே கேளுங்கள். ஜாமீனுக்கு மட்டுமா, விசாரணை முடியும் வரையா? ரசீது வாங்குங்கள். வழக்கு ஜெயித்தால் இவ்வளவு என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படி கூடாது. நம்பிக்கை போய்விட்டால் வக்கீலை மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், அவரிடம் எதையும் மறைக்காதீர்கள். நீங்கள் அவரிடம் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டமே அவரைக் கட்டுப்படுத்துகிறது. சம்பவ இடத்தில் இருந்தீர்கள் என்றால் இருந்ததாகவே சொல்லுங்கள். எதிர்த்தரப்பு சி.சி.டி.வி. பதிவைப் போட்டுக் காட்டும்போது உங்கள் வக்கீல் அதை முதன்முறையாகப் பார்ப்பது போல மோசம் வேறில்லை.

"இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் வக்கீல் வாதாடலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. கோயம்புத்தூரில் ஒரு முறை வக்கீல்களுக்கும் போலீஸுக்கும் மோதல் வந்தபோது, அந்தப் போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கமே தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட தீர்மானங்கள் எல்லாமே செல்லாது என்றது. எவ்வளவு கெட்டவர் என்று ஊர் நினைத்தாலும் அவருக்கும் வாதாட ஆள் வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு போலீஸ்காரர்களுக்கே பாதுகாப்பாக வந்தது என்பதை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு.

பணம் இல்லையென்றால்? ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டு வழி கேட்கலாம். சிறையில் இருப்பவர் சிறை அலுவலகம் வழியாகவே மனு கொடுக்கலாம். கூப்பிடும்போது காவல் நிலையத்தின் பெயர், எஃப்.ஐ.ஆர். எண், பிரிவுகள், எப்போது கூட்டிப் போனார்கள் என்ற சரியான நேரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். எண் தெரியாவிட்டால் பரவாயில்லை, நேரத்தை மட்டும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.